மழைக்கு முன் இறகு: தையில் அடை, மாசியில் குஞ்சு

அந்தமானில் கோழிக்குஞ்சு வளர்க்க நினைப்பவர் முதலில் மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டிய தேதி மே 20. தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் வந்து சேர்வது நம் தீவுகளுக்குத்தான். கேரளத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே, மே மூன்றாம் வாரத்தை ஒட்டி இங்கே பிடித்துவிடும். செப்டம்பரில் அது ஓய்ந்தால் அக்டோபரில் வடகிழக்கு மழை தொடங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இந்த மண்ணில், தரை காய்ந்து கிடப்பது ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான நான்கு மாதங்கள்தான். குஞ்சு பொரிப்பது, இறகு முளைப்பது, தடுப்பூசி போடுவது எல்லாம் இந்த நான்கு மாதத்துக்குள் முடிய வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் மற்ற எல்லாமே இந்த ஒரு கணக்கைச் சுற்றி வருபவை.

கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். பொங்கல் முடிந்து ஜனவரி 20 வாக்கில் அடை வைத்தால் 21 நாளில், பிப்ரவரி 10-ல் குஞ்சு வெளிவரும். ஏப்ரல் முதல் வாரத்தில் அதற்கு எட்டு வாரம் நிறையும். கடைசித் தடுப்பூசிக்கான வயது அது. மழை இறங்கும்போது பதினான்கு வாரக் கோழியாக, முழு இறகோடு, மரத்திலோ பரணிலோ ஏறி அடையும் பக்குவத்தில் இருக்கும். பிப்ரவரி 10 வரை அடை வைத்தாலும் மோசமில்லை. மார்ச்சில் அடை வைத்துச் சித்திரையில் குஞ்சு எடுப்பவர்கள், ஈரக் கூளத்தில் ஐந்து வாரக் குஞ்சுகளை வைத்துக்கொண்டு ரத்தக் கழிச்சலோடு போராட வேண்டி வரும். அப்படி எடுக்காதீர்கள் என்பதே என் கருத்து.

இந்தப் பருவம் இன்னொரு வகையிலும் கைகொடுக்கிறது. தாழ்வான வயல்களில் நெல் அறுப்பு முடிந்திருக்கும். வைக்கோலும் உமியும் குருணையும் புதிதாக, பூஞ்சணம் பிடிக்காமல், பக்கத்து மில்லிலேயே கிடைக்கும். அறுத்த தாளடியில் சிந்திய நெல்லும் புழு பூச்சியும் தாய்க்கோழிக்கு நல்ல மேய்ச்சல். மாவும் முந்திரியும் பூத்து நிற்கும் நேரம் அது. தென்னை, பாக்குத் தோப்புகளின் நிழலில் தரை உலர்ந்து கிடக்கும். அதே வயலில்தான் நீங்கள் வெண்டை, கத்தரி, கீரை, பயறு என்று கோடைக் காய்கறியும் போட்டிருப்பீர்கள். குஞ்சுக்கும் கீரைப் பாத்திக்கும் நடுவே மூங்கில் பிளாச்சு வேலி ஒன்றை ஜனவரியிலேயே கட்டிவிடுங்கள். முளைத்த கீரையைக் கோழி கிளறிப் போட்ட பிறகு கட்டும் வேலியால் பயனில்லை.

எந்தக் கோழி

தீவுக்கென்று ஒரு கோழி இருக்கிறது. நிக்கோபாரி. குட்டைக் கால், உருண்டு திரண்ட உடம்பு, குட்டைக் கழுத்து. கருப்பு, வெள்ளை, பழுப்பு என்று மூன்று நிறம். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் இதைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. கூண்டிலோ ஆழ்கூளத்திலோ நல்ல தீவனம் கொடுத்து வளர்த்தால் ஆண்டுக்கு 140 முதல் 160 முட்டை வரை இடும். இந்திய நாட்டுக் கோழி இனங்களில் இந்த அளவுக்கு இடுவது மிக அரிது. புறக்கடையில் மேயவிட்டால் எண்ணிக்கை குறையும், ஆனாலும் சாதாரண நாட்டுக்கோழியை விடக் கூடுதலாகவே இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமி நிக்கோபார் தீவுகளின் கரையோர ஊர்களை அடித்துக்கொண்டு போனபோது இந்தக் கோழிகளும் பெருமளவில் போயின. மிஞ்சியதைக் காப்பாற்றிப் பெருக்குவது இன்று வளர்ப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. நிக்கோபார் தீவுகள் பழங்குடியினர் காப்புப் பகுதி. அனுமதிச் சீட்டில்லாமல் போய்க் கோழி வாங்கிவர முடியாது. போர்ட் பிளேர் என்று நாம் இன்னும் சொல்லும் ஸ்ரீ விஜயபுரத்தில், காராச்சர்மாவில் இருக்கும் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். 1978-ல் தொடங்கிய அந்த நிலையம் நிக்கோபாரிக் கோழியைப் பல ஆண்டுகளாக வளர்த்து ஆராய்ந்து வருகிறது. நிக்கோபாரியை வைத்து உருவாக்கிய நிஷிபாரி, நிக்கோராக் என்ற கலப்பினங்களும் அங்கிருந்து வந்தவையே.

அதிகம் பேர் வளர்ப்பது வனராஜா. ஹைதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககம் புறக்கடைக்கென்றே உருவாக்கியது. சீக்கிரம் எடை கூடும், கறிக்கும் முட்டைக்கும் ஆகும், பார்க்க நாட்டுக்கோழி போல நிறமாக இருப்பதால் சந்தையிலும் எடுபடும். இரண்டு விஷயம் தெரிந்து வாங்குங்கள். வனராஜா பெட்டை அடைக்கு உட்காராது. அதன் முட்டையை நாட்டுக்கோழியின் கீழ் வைத்துப் பொரித்தாலும், அந்தக் குஞ்சுகள் தாயின் அளவுக்கு வளரவோ முட்டையிடவோ செய்யாது. ஆகவே ஒவ்வொரு முறையும் புதுக் குஞ்சு வாங்க வேண்டும். கப்பலையும் விமானத்தையும் நம்பியிருக்கும் தீவில் இது லேசான விஷயம் அல்ல. மெயின்லேண்டில் எங்காவது பறவைக் காய்ச்சல் கிளம்பினால் குஞ்சு வரத்துக்குத் தடை வந்துவிடலாம். பத்து வனராஜா வைத்திருந்தாலும், அடை உட்காரும் இரண்டு நாட்டுப் பெட்டையையாவது வீட்டில் வைத்திருங்கள்.

அடைக்கோழி

இருபது குஞ்சு, முப்பது குஞ்சு என்ற அளவில் வளர்ப்பவருக்கு அடைக்கோழியை மிஞ்சிய கருவி கிடையாது. மின்சாரம் போனாலும் அதன் சூடு போகாது. காகத்தை விரட்டும், மண்ணைக் கிளறிப் பூச்சி காட்டும், மழைத்தூறலில் இறக்கை விரித்து மூடும். இன்குபேட்டர் வாங்கச் சொல்லி யாராவது வற்புறுத்தினால், முதலில் வீட்டுக்கு எத்தனை மணி நேரம் கரண்ட் நிற்கிறது என்று ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். தீவில் கரண்ட் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. தொலைவான ஊர்களில் அதன் வரவும் போக்கும் உங்களுக்குத் தெரிந்ததே.

உண்மையாக அடைக்கு வந்த கோழியைக் கண்டுபிடிப்பது எளிது. முட்டை இட்ட பிறகும் கூட்டை விட்டு இறங்காது. கை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒரு தனிக் குரலில் கரகரக்கும், கொத்த வரும். நெஞ்சடி இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும். அப்படிப்பட்ட கோழியையும் உடனே நல்ல முட்டையில் உட்கார வைக்காதீர்கள். இரண்டு நாள் ஒரு கூமுட்டையையோ மர முட்டையையோ வைத்துப் பாருங்கள். இரவும் பகலும் அசையாமல் உட்கார்ந்தால் மூன்றாம் நாள் மாலை, இருட்டும் நேரத்தில், முட்டையை மாற்றி வையுங்கள். பகலில் மாற்றினால் மிரண்டு எழுந்துவிடும்.

அடை முட்டை ஏழு நாளைக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. மிகப் பெரியது, மிகச் சிறியது, ஓடு கரடுமுரடானது, விரிசல் விட்டது எல்லாவற்றையும் சமையலுக்குக் கொடுத்துவிடுங்கள். அழுக்கு முட்டையைக் கழுவ வேண்டாம். ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும், பிறகு கிருமி உள்ளே போக வழி கிடைக்கும். சேர்த்து வைக்கும் நாட்களில் கூர்முனை கீழே இருக்கும்படி, ஈர மணல் மேல் வைத்த மண்சட்டியில் வையுங்கள். வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் வைத்த முட்டை, அடைக்குப் போகும் முன்பே பாதி வளர்ந்து கெட்டுப்போகும். பத்து முதல் பன்னிரண்டு முட்டை ஒரு கோழிக்குப் போதும். நிக்கோபாரி போல் உடம்பு சிறிதான கோழிக்கு ஒன்பது, பத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோழியின் உடம்புக்கு வெளியே எட்டிப் பார்க்கும் முட்டை ஒவ்வொரு நாளும் மாறி மாறிக் குளிர்ந்து, கடைசியில் எல்லா முட்டைக்கும் கேடு வரும்.

அடைக்கூடையில் பிடி மணல், மேலே காய்ந்த வைக்கோல், இரண்டு கொத்து வேப்பிலை. கரித்துண்டும் காய்ந்த மிளகாயும் இரும்பாணியும் போட்டு வைக்கும் வழக்கம் தமிழ்நாட்டிலிருந்து நம்மோடு கப்பலேறி வந்தது. இடி முட்டையைக் கெடுக்காமல் இரும்பு காக்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கரி ஈரத்தை இழுக்கும், ஆகவே அதைப் போடுங்கள். மற்றதை வைப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம். பேன் மட்டும் கூடையில் ஏறவே கூடாது. பேன் கடி தாங்காத கோழி பதினைந்தாம் நாளில் அடையை விட்டு எழுந்து போய்விடும். உட்கார வைக்கும் முன் இறக்கைக்கு அடியிலும் மலவாய்ச் சுற்றிலும் இறகை விலக்கிப் பாருங்கள். ஊரும் பூச்சி கண்ணில் பட்டால் கால்நடை மருத்துவமனையில் பொடி வாங்கித் தடவிவிட்டு, ஒரு நாள் கழித்து உட்கார வையுங்கள்.

தினமும் ஒரு முறை, முடிந்தால் காலையில் ஒரே நேரத்தில், கோழியை இறக்கி நெல்லோ குருணையோ தண்ணீரோடு வையுங்கள். கால்மணி நேரத்தில் தின்று, எச்சமிட்டு, மண் குளித்துத் திரும்பிவிடும். ஏழாம் நாள் இரவு டார்ச் விளக்கை முட்டையின் அகன்ற முனையில் வைத்துப் பாருங்கள். சிவப்பு நரம்புகள் கிளை விட்டிருந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றும் தெரியாமல் தெளிவாக இருந்தால் கரு கூடாத முட்டை, எடுத்துவிடலாம். இரண்டு கோழியை ஒரே நாளில் உட்கார வைப்பது நல்ல உத்தி. கருக்கூடாதவை போக மிஞ்சும் முட்டைகளைச் சேர்த்து ஒரு கோழியின் கீழேயே வைத்துவிடலாம். பொரித்த குஞ்சுகளையும் இரவில் ஒரே தாயிடம் சேர்க்கலாம். இன்னொரு கோழி சீக்கிரம் முட்டைக்குத் திரும்பும்.

இருபத்தோராம் நாள் பொறுமையாக இருங்கள். ஓட்டில் துளை விட்ட குஞ்சு முழுதாக வெளிவர ஒரு பகல் பிடிக்கும். ஓட்டைப் பிய்த்து உதவப் போனால் ரத்த நாளம் கிழிந்து குஞ்சு செத்துப்போகும். வெளிவந்த குஞ்சையும் தாயையும் அடுத்த இரண்டு வாரம் பஞ்சாரத்துக்குள் வையுங்கள். தாய் உடனே தோப்பைச் சுற்றக் கிளம்பினால், பின்னால் ஓட முடியாத குஞ்சுதான் காகத்துக்கும் உடும்புக்கும் முதலில் இரையாகும்.

விமானத்தில் வரும் குஞ்சு

ஐம்பது, நூறு என்று வாங்குபவர்களுக்கு ஒரு நாள் குஞ்சு பெட்டியில் வருகிறது. முட்டையின் மஞ்சள் கருவில் மிச்சம் குஞ்சின் வயிற்றுக்குள் இருப்பதால் மூன்று நாள் வரை தீவனம் இல்லாமல் தாங்கும். அதனால்தான் சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ விமானத்தில் அனுப்ப முடிகிறது. ஆனால் விமான நிலையத்திலிருந்து ஜெட்டிக்கு வந்து, ஷிப் ஏறி, ரங்கத்துக்கோ ஹட்பேக்கோ போய்ச் சேரும் நேரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கடல் கொந்தளிப்பில் கப்பல் ஒரு நாள் தள்ளினால் அந்த மூன்று நாளில் ஒன்று போய்விடும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருப்பதும் இந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம்.

குஞ்சு வருவதற்கு முந்தின நாளே இடம் தயாராக இருக்க வேண்டும். ஐம்பது குஞ்சுக்கு நான்கடி அகல வட்டம். ஒன்றரை அடி உயரத் தகரமோ அட்டையோ சுற்றிக் கட்டுங்கள். மூலை வைத்துக் கட்டினால் குளிரும் இரவில் எல்லாம் அந்த மூலையில் குவிந்து, அடியில் இருப்பவை மூச்சடைத்துச் சாகும். கீழே இரண்டு அங்குலம் உமி. மரச்சீவல் போடுவதானால் இழைப்புளியில் விழும் சுருளைப் போடுங்கள், ரம்பத்தூள் வேண்டாம். அந்தமானில் மரத்தூளுக்குப் பஞ்சமில்லை, சாத்தம் ஆலை 1883-லிருந்து அறுத்துக்கொண்டிருந்த ஊர் இது. ஆனால் தூள் கண்ணிலும் மூக்கிலும் ஏறும், தீவனம் என்று குஞ்சு தின்றும்விடும். முதல் மூன்று நாள் உமிமேல் செய்தித்தாள் விரித்து, அதன்மேலேயே குருணையைத் தூவுங்கள்.

சூட்டுக்கு அறுபது வாட் குண்டு பல்பு இரண்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் தொங்கட்டும். எல்.இ.டி. பல்பு வெளிச்சம் தரும், சூடு தராது. கடைகளில் பழைய குண்டு பல்பு அரிதாகிவிட்டதால் நான்கைந்து முன்கூட்டியே வாங்கி வையுங்கள். கரண்ட் போகும் இரவுக்குப் பானையில் கரிநெருப்பு வேண்டும். பானையைச் சுற்றிச் செங்கல் அடுக்கி, குஞ்சு தொடாதபடி வைத்து, கொட்டகையின் மேல்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும். மூடிய அறையில் கரிப்புகை குஞ்சைக் கொல்லும், உள்ளே படுத்திருக்கும் ஆளையும் கொல்லும்.

முதல் வாரம் குஞ்சு இருக்கும் மட்டத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டு போவது நூல் கணக்கு. இங்கே மாசி, பங்குனியில் பகல் 30-ஐத் தாண்டும், இரவும் 23, 24-க்குக் கீழே அரிதாகத்தான் இறங்கும். ஆகவே இரண்டாம் வாரத்திலிருந்து பகலில் பல்பை அணைத்துவிடலாம். நான்காம் வாரத்துக்குப் பிறகு பெரும்பாலும் தேவைப்படாது. தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒட்டிக் கூடிக் கீச்சென்று கத்தினால் குளிர், வட்டத்தின் ஓரத்தில் வாய் பிளந்து நின்றால் சூடு. பரவலாகப் படுத்தும் மேய்ந்தும் இருந்தால் சரியாக இருக்கிறது.

பெட்டியிலிருந்து எடுத்ததும் தீவனம் வைக்காதீர்கள். முதலில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், லிட்டருக்கு எண்பது கிராம் போல வெல்லமோ சர்க்கரையோ கலந்தது. ஒவ்வொன்றின் அலகையும் ஒரு முறை தொட்டு நனைத்து விடுங்கள். ஒன்று குடிக்கக் கற்றுக்கொண்டால் பக்கத்திலிருப்பதும் கற்றுக்கொள்ளும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்துத் தீவனம். அடுத்த சில நாள் பின்புறம் எச்சம் ஒட்டி அடைத்திருக்கிறதா என்று தூக்கிப் பாருங்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் துடைத்தால் போதும். பிடுங்கினால் தோல் வந்துவிடும்.

தீவனமும் தண்ணீரும்

முதல் எட்டு வாரத்தில் ஒரு வனராஜாக் குஞ்சு ஏறத்தாழ இரண்டு கிலோ தீவனம் தின்னும். ஐம்பது குஞ்சுக்கு ஐம்பது கிலோ மூட்டை இரண்டு. தீவனம் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வருவதால் விலை கூடுதல். ஆனாலும் முதல் நான்கு வாரம் குஞ்சுத் தீவனத்தில் கைவைக்காதீர்கள். 20 சதவீதம் புரதம் வேண்டிய வயது அது, வெறும் குருணையில் வளர்த்த குஞ்சுக்கு இறகே சரியாக முளைக்காது. மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் சேமிக்க வேண்டாம்.

ஐந்தாம் வாரத்திலிருந்து தீவில் கிடைப்பதைச் சேர்க்கலாம். தேங்காய்ப் புண்ணாக்கு நல்லதுதான், பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல். கட்டி பிடித்தோ பச்சை பூத்தோ இருந்தால் அதில் பூஞ்சண நஞ்சு இருக்கும். மாட்டுக்கும் போடாதீர்கள், உரக்குழியில் கொட்டுங்கள். முருங்கைக் கீரை, அசோலா, துருவிய தேங்காய், வேகவைத்த மரவள்ளி எல்லாம் ஆகும். மீன் கழிவை வேகவைத்துக் கொடுங்கள். கருவாட்டுக் கழிவு மட்டும் கூடவே கூடாது. அதிலிருக்கும் உப்பு குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்து இரண்டு நாளில் கூட்டமாகச் சாகடிக்கும். கடலோரத்தில் கருவாடு காயப்போடுபவர்கள் குஞ்சை அந்தப் பக்கம் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கரையானைவிடச் சிறந்த குஞ்சுத் தீவனம் எனக்குத் தெரிந்து இல்லை, செலவும் இல்லை. பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், மட்கிய ஓலை திணித்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, சாயங்காலம் தோப்பில் கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வையுங்கள். விடிவதற்குள் பானை நிறைந்திருக்கும். வெயில் ஏறினால் இறங்கிப் போய்விடும், ஆகவே காலையிலேயே குஞ்சு முன்னால் தட்டுங்கள்.

சுண்ணாம்புச் சத்துக்கு வீட்டு முட்டை ஓட்டை வறுத்து இடித்துப் போடுங்கள். கடற்கரையில் ஒதுங்கிய பவளத்தை அள்ளிவந்து இடிக்கும் பழக்கம் வேண்டாம். கடினப் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, உடைந்த துண்டை எடுத்தாலும் குற்றம்.

தண்ணீர்தான் இந்தப் பருவத்தின் குறை. தனிக்காரி அணை இறங்கி, குழாயில் முறை வைத்துத் தண்ணீர் விடும் மாதங்கள் இவை. குஞ்சு தின்னும் தீவனத்தின் எடையைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் குடிக்கும், வெயிலில் இன்னும் கூடும். கடலோரக் கிணறு பங்குனியில் உப்புக் கரிக்கத் தொடங்கினால் குஞ்சின் எச்சம் நீர்த்துப்போகும், கூளம் நனையும், ரத்தக் கழிச்சல் பின்னால் வரும். அந்தக் கிணற்றுத் தண்ணீரைச் செடிக்கு விட்டு, குழாய்த் தண்ணீரைக் குஞ்சுக்கு எடுத்து வையுங்கள். கூளத்தைக் கையில் பிடித்து இறுக்கிப் பாருங்கள்: கையைத் திறந்ததும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம். கிளறி, கொஞ்சம் சுண்ணாம்புத்தூள் தூவி, நனைந்த இடத்தை அள்ளி வாழைக்குக் கொட்டுங்கள்.

தடுப்பூசி

வெள்ளைக் கழிச்சல் வந்துவிட்டால் மருந்து கிடையாது. முன்கூட்டிப் போடும் ஊசி ஒன்றே வழி. ஏழாம் நாள் லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. பதினான்காம் நாள் கம்போரோ நோய்க்கான மருந்து. இருபத்தெட்டாம் நாள் மறுபடி லசோட்டா. ஆறாம் வாரம் அம்மை ஊசி, எட்டாம் வாரம் வெள்ளைக் கழிச்சலுக்கே மறுபடி, இறக்கையடியில் ஆர்2பி ஊசி அரை மில்லி. அம்மையைக் கொசு பரப்பும். மழை பிடித்துக் கொசு பெருகும் முன் இந்த ஊசி போட்டிருக்க வேண்டும். ஜனவரியில் அடை வைத்தவர்களுக்கு இது தானாகவே அமைந்துவிடும்.

சிக்கல் மருந்துக் குப்பியில் இருக்கிறது. ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கு மருந்து இருக்கும். கலக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. எட்டுக் குஞ்சு வைத்திருப்பவர் ஒரு முழுக் குப்பியை உடைக்கத் தயங்கி, கடைசியில் போடாமலே விட்டுவிடுகிறார். இதற்கு ஒரே வழி, ஊரில் பத்து வீடு சேர்ந்து ஒரே வாரத்தில் அடை வைப்பது. குஞ்சுகள் ஒரே வயதாக இருந்தால் ஒரே குப்பி எல்லா வீட்டுக்கும் போதும். மகளிர் குழு இருக்கும் ஊர்களில் இதை எளிதாகச் செய்யலாம். மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஷிப்பில் எடுத்துப் போகிறவர்கள் தெர்மாஸ் குடுவையில் ஐஸ் போட்டு, வெயில் படாமல் கொண்டு போங்கள். சிப்பிகாட்டிலும் நிம்புதேராவிலும் கார் நிக்கோபாரிலும் இருக்கும் வேளாண் அறிவியல் மையங்களிலும், பக்கத்துக் கால்நடை மருத்துவமனையிலும் தேதியை முன்பே சொல்லி வைத்தால் மருந்து வரவழைத்துத் தருவார்கள். குடிதண்ணீரில் கலந்து கொடுக்கும் மருந்தானால், அன்று பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீரைத் தவிருங்கள். அது மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும்.

உடும்பு, எலி, பூரான்

தீவில் நரி இல்லை. அதற்குப் பதில் உடும்பு இருக்கிறது. நீந்தும், மரமேறும், முட்டையையும் குஞ்சையும் ஒரே வாயில் விழுங்கும். அதைக் கொல்வது சட்டப்படி குற்றம், தேவையுமில்லை. தரையிலிருந்து இரண்டடி உயர்த்திக் கட்டிய கூடும், அரை அங்குல வெல்டு மெஷ்ஷும் அதைத் தடுத்துவிடும். அறுகோணக் கோழிவலையை எலி கடித்துவிடும், உப்புக்காற்றும் ஒரே ஆண்டில் துருவேற்றும். காசு கொஞ்சம் கூடினாலும் துத்தநாகம் பூசியதை வாங்குங்கள். மேலே பழைய மீன்வலையை விரித்தால் காகமும் பருந்தும் இறங்காது. பூரான் இங்கே ஒரு சாண் நீளத்துக்கு மேல் வளரும், ஒரு கடியில் சிறு குஞ்சு செத்துப்போகும். கூட்டின் அருகே மட்கிய தேங்காய் மட்டை, கல் குவியல் எதுவும் வைக்காதீர்கள்.

கூட்டைப் பூட்டும் நேரத்தைக் கடிகாரத்தை நம்பி வைக்க வேண்டாம். இந்திய நேரத்தின்படி நமக்கு மார்ச்சில் மாலை ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஐந்து மணிக்குக் குஞ்சுகள் அடையத் தொடங்கும். ஆபீஸிலிருந்து ஆறு மணிக்கு வந்து பூட்டலாம் என்றால், அதற்குள் இருட்டில் ஏதோ ஒன்று வந்து போயிருக்கும். பங்குனி உத்திரத்தன்று வீட்டோடு வெற்றிமலை முருகன் கோயிலுக்குக் கிளம்பும் குடும்பங்கள், அன்று மாலை கூட்டைப் பூட்ட ஒரு பக்கத்து வீட்டாரைச் சொல்லி வைத்துவிட்டுப் போங்கள்.

மழை இறங்கும்போது

ஏப்ரல் கடைசியில் இடியோடு வரும் கோடை மழை ஓர் ஒத்திகை. அப்போதே கூரை எங்கே ஒழுகுகிறது, சாரல் எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தென்மேற்குப் பக்கம் தார்ப்பாய் கட்டிவிடுங்கள். முழுதாக மூடாமல் மேலே ஒரு முழம் திறந்து விடுங்கள், இல்லையென்றால் உள்ளே புழுங்கிச் சளி பிடிக்கும். உமி இரண்டு மூட்டை காயவைத்துத் தனியே கட்டி வையுங்கள். ஜூலையில் காய்ந்த உமி தீவில் கிடைக்காது.

பதினான்கு வாரத்தில் சேவலும் பெட்டையும் தெளிவாகத் தெரியும். விற்கும் சேவல்களைப் பிரிக்கும்போது அடுத்த தைக்கு யார் தகப்பன் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். நிக்கோபாரிப் பெட்டை வைத்திருப்பவர்களிடம் ஒன்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அவற்றோடு நிக்கோபாரிச் சேவலை மட்டும் விடுங்கள். வனராஜாச் சேவலும் வேறு கலப்புச் சேவலும் தோப்பில் சுற்றினால் அவற்றை இப்போதே விற்றுவிடுங்கள். உங்கள் பெட்டைகளின் உடன்பிறப்பல்லாத, வேறு வீட்டுக் குட்டைக்கால் சேவல் ஒன்றை, பக்கத்து ஊரில் வளர்ப்பவரிடம் உங்கள் சேவலைக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மழை பிடிக்கும் முன் அந்த மாற்று நடந்தால் ஜனவரியில் அடைக்கு நல்ல முட்டை இருக்கும்.